மகளின் தாடை, அக்காவின் இரத்தம்

டொக்டர்மார் கேட்கும் கேள்விகளுக்கு எங்கள் தீவில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: இல்லை. ஆஸ்துமா இருக்கிறதா? இல்லை. வலிப்பு? இல்லை. இதய வருத்தம்? அதுவும் இல்லை. பொய் சொல்லும் ஆசையில் சொல்வதல்ல. ஒரு 'ஓம்' சொன்னால் அதற்கு இன்னொரு கிளினிக், இன்னொரு துண்டுச்சீட்டு, இன்னொரு நாள். நயினாதீவில் இருந்து யாழ்ப்பாணம் போகிற ஒரு நாள் என்பது காலையில் முதல் படகு, குறிகட்டுவானில் பஸ், ஆஸ்பத்திரியில் வரிசை, பிறகு கடைசிப் படகைப் பிடிக்க ஓட்டம். காற்று எழும்பிவிட்டால் அந்தப் படகும் இல்லை. அதனால் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' போட்டு, கையெழுத்தும் போட்டு, எழும்பி வந்துவிடுவோம். என் மகளின் தாடைச் சத்திரசிகிச்சைக்கான படிவத்தையும் நான் அப்படித்தான் நிரப்பினேன்.

மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னுக்கு வளர்ந்திருந்தது. பார்க்கிறவர்கள் அழகைப் பற்றித்தான் கதைப்பார்கள். அவளுக்குப் பிரச்சினை சாப்பாடு. மேல்முன்பல்லும் கீழ்முன்பல்லும் சந்திக்காது. பேக்கரிப் பாணைக் கடித்து இழுத்தால் பாண் முழுதாகத் திரும்பி வரும். மாங்காயைக் கத்தியால் சீவித்தான் வாயில் வைப்பாள். கலியாண வீடுகளில் பந்தி எழும்பிய பிறகும் அவள் தனியாக இருந்து கடைவாயில் அரைத்துக்கொண்டிருப்பாள். இலை எடுக்கிறவர்கள் அவள் முன்னால் வந்து நிற்பார்கள். எனக்குக் கோபம் வரும். யாரில் என்று தெரியாத கோபம்.

இரண்டு வருடம் பல்லுக்குக் கம்பி போட்டு வரிசைப்படுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் எலும்பை வெட்டித் தாடையைப் பின்னுக்குத் தள்ளி, தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவது என்று முடிவானது. திகதியும் தந்துவிட்டார்கள். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை தரம் கடையைப் பூட்டினேன் என்று நான் எண்ணவில்லை. கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். படகுத்துறையில் இருந்து அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் அர்ச்சனைத் தட்டும் கற்பூரமும் சோடாவும் விற்கிற ஒரு தகரக் கொட்டில். கணவர் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறார். கடையும் என்னுடையது, அலைச்சலும் என்னுடையது.

களைப்பு எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருமே களைத்தவர்கள். படி ஏறினால் மூச்சு வாங்கும், குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். அம்மா தன்னையும் சேர்த்து எங்களைச் சோம்பல் பிடித்த கூட்டம் என்று திட்டுவா. நானும் அதை நம்பி, சோம்பலை அடக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க ஓடினேன்.

மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் ஓர் இளம் பெண். மகளின் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தா, பிறகு நான் நிரப்பிய படிவத்தைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"அம்மா, பிள்ளைக்கு இரத்தம் காணாது."

"கீரை சாப்பிடமாட்டாள்," என்றேன்.

அவ மகளிடம் திரும்பி, மாதவிலக்கு எத்தனை நாள் போகும் என்று கேட்டா. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்பது, பத்து நாள்," என்றாள்.

நான் முந்திக்கொண்டு, "எங்கட வீட்டுப் பொம்பிளையளுக்கு அப்பிடித்தான், டொக்டர்," என்றேன். "எனக்கும் அப்பிடித்தான். கொஞ்சம் கூடப் போகும், பிறகு நிண்டிடும்."

டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டா. அதற்குப் பிறகு கேள்வி மேல் கேள்வி. கம்பி போடுவதற்காக நாலு பல்லுப் பிடுங்கியபோது எவ்வளவு நேரம் இரத்தம் வந்தது? இரண்டு நாள். யாருக்காவது சொன்னீர்களா? சொல்லவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பி வந்து இரவு சமைக்கவே எனக்கு ஏலாமல் இருந்தது. பஞ்சை உருட்டிக் கடிக்கக் கொடுத்து, தலையணைக்கு மேல் பழைய சீலையை விரித்து, சரியாகிவிடும் என்று சொன்னேன். சரியாகியும் விட்டது. சின்ன வயதில் மூக்கால் இரத்தம் வந்ததா? வந்தது. அடிபடாமலே உடம்பு கன்றிப்போகுமா? மகள் சட்டைக் கையை மடித்து, முழங்கைக்கு மேல் நீலம் பாய்ந்திருந்த இடத்தைக் காட்டினாள். அது எனக்கே தெரியாது.

"குடும்பத்தில ஆரும் இரத்தம் போய் இறந்திருக்கினமோ?"

"இல்லை," என்றேன்.

"பெரியம்மா?" என்றாள் மகள், மெதுவாக. என் அக்காவைத்தான் சொன்னாள்.

"அது வேற. அது பிள்ளைப்பேறில, வள்ளம் பிந்தினதால நடந்தது."

டொக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கதிரையை எனக்குக் கிட்ட இழுத்து வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னா.

"இது வாய்க்குள்ள வெட்டுறது, அம்மா. எலும்பு வெட்டினா இரத்தம் வரத்தான் செய்யும். மற்றாக்களுக்கு அது நிக்கும். வெட்டினதுக்குப் பிறகு மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் றப்பரால பிணைச்சு விடுவம். உள்ளுக்கு இரத்தம் கசிஞ்சுகொண்டே இருந்து தொண்டை வீங்கினா, பிள்ளைக்கு வாயைத் திறக்க ஏலாது. மூச்சு எடுக்கவும் ஏலாமல் போகும். அதுக்காகத்தான் இவ்வளவும் கேக்கிறன்."

எனக்கு விளங்கியது. கிடைத்த திகதியை வெட்டிவிட்டு, இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தந்து, கொழும்புக்கு அனுப்பவென்று புதிதாக இரத்தம் எடுத்தார்கள். திரும்பி வரும் பஸ் பண்ணைப் பாலம் தாண்டும்போது மகள், "ரெண்டு வருசம், அம்மா," என்றாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

கொழும்பில் இருந்து முடிவு வரப் பல கிழமை சென்றது. வந்தும் ஒன்றும் தெளிவாகவில்லை. முதல் தரம் குறைவாக இருந்தது, இரண்டாம் தரம் எடுத்தபோது சரியான அளவுக்குக் கிட்ட நின்றது. இரத்தம் உறையத் தேவையான ஒரு சத்து சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்குமாம். வாயில் நுழையாத ஒரு பெயரையும் டொக்டர் எழுதித் தந்தா. அந்தச் சத்து பயத்திலும் பதற்றத்திலும் ஏறி இறங்குமாம்.

"நம்பரை மட்டும் நம்பி என்னால முடிவெடுக்க ஏலாது," என்றா. "எனக்கு உங்கட குடும்பக் கதை வேணும். அக்கா கலியாணத்துக்குப் பிறகு பல்லுப் பிடுங்கினவவோ, எங்கையும் வெட்டுப்பட்டவவோ, பிள்ளைப்பேறில இரத்தம் எப்ப தொடங்கினது, எவ்வளவு நேரம் போனது. அந்த நேரம் பக்கத்தில இருந்தவையைக் கேட்டுக்கொண்டு வாங்கோ. அந்தக் குறை இருக்கெண்டால் முதலே மருந்து ஏத்தி, இரத்தமும் எடுத்து வைச்சுத்தான் கத்தி வைப்பம்."

பக்கத்தில் இருந்தவர்கள் என்றால் அம்மா, மருத்துவிச்சி, நான், அத்தான். அம்மாவும் மருத்துவிச்சியும் இப்போது இல்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அக்காவின் கலியாண வாழ்க்கை எனக்குத் தெரியாது, பிள்ளைப்பேறு அன்றும் நான் அறைக்கும் கிணற்றடிக்குமாக ஓடியதுதான். மீதி அத்தான். முப்பது வருடமாக நாங்கள் யாரும் முகம் கொடுக்காத அத்தான்.

அக்காவை எழுவைதீவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தானுக்கு அங்கே தபால்கந்தோரில் வேலை. எழுவைதீவில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்கு வர வேண்டும். அதுவோ யுத்தத்தால் மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் கிடைத்த காலம். அம்மாவும் நானும் அங்கே துணைக்குப் போய் நின்ற முதல் பிள்ளைப்பேற்றிலேயே அக்கா போய்விட்டாள். பிள்ளையும் மூன்றாம் நாள் போய்விட்டது. அக்காவுக்கும் இருபத்திரண்டு வயதுதான். அத்தான் வள்ளத்துக்கு ஒழுங்கு செய்யாமல் கடற்கரையில் மரம் மாதிரி நின்றார் என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. செத்தவீட்டில் அம்மா எல்லோர் முன்னாலும், "நீதான் என்ர பிள்ளையைக் கொண்டவன்," என்று அவரைப் பார்த்துச் சொன்னா. அவர் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நாங்கள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. அவர் சில வருடங்களில் சரவணையில் இன்னொரு கலியாணம் செய்து அங்கேயே இருந்துவிட்டார். அது எங்களுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது, கோபத்தைப் பாதுகாக்க. யாழ்ப்பாணம் போகிற பஸ் அவருடைய வீட்டுக் கேற்றைத் தாண்டித்தான் போகும். அந்த இடம் வரும்போது நான் மற்றப் பக்கத்து யன்னலைப் பார்ப்பேன். முப்பது வருடம் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கிழமை நான் தனியாகச் சரவணையில் இறங்கினேன். மகள் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். அவர் என்னைத் துரத்தினால் அதை அவள் பார்க்கக் கூடாது என்று இருந்தது.

அத்தான் முற்றத்தில் சாக்கை விரித்து, வெங்காயத்தில் அழுகலைத் தெரிந்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். நல்லாக நரைத்து, மெலிந்து போயிருந்தார். என்னைக் கண்டவுடன் அடையாளம் பிடித்துவிட்டார்.

"வாரும்," என்றார். "இரும்."

அவருடைய மனைவி ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டா, தேத்தண்ணி தந்தா. ஆட்டுக்குக் குழை வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டா. அந்த மனுசியின் மரியாதை எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

"அத்தான்," என்று தொடங்கினேன். அந்தச் சொல் என் வாய்க்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. மகளின் தாடையைப் பற்றிச் சொன்னேன், தள்ளிப்போன திகதியைப் பற்றிச் சொன்னேன், டொக்டர் கேட்டுவரச் சொன்னதைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முன்பல்லால கடிக்க ஏலாதோ?" என்றார்.

"ஏலாது."

"உம்மட அக்காவும் பாணைக் கடைவாயாலதான் கடிப்பா."

எனக்கு அது நினைவில் இல்லை. அக்காவுடன் பத்தொன்பது வருடம் ஒரே குசினியில் சாப்பிட்டவள் நான். அவளோடு ஒரு வருடம்கூட முழுதாக வாழாத மனிதர் அதைக் கவனித்திருக்கிறார்.

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். கலியாணம் முடிந்து நாலாம் மாதம் ஊர்காவற்றுறையில் ஒரு கடைவாய்ப்பல்லுப் பிடுங்கியதாம். மூன்று நாள் இரத்தம் நிற்கவில்லையாம். அங்கிருந்த டொக்டர் யாழ்ப்பாணம் போய் இரத்தம் சோதிக்கச் சொன்னாராம். அக்கா மறுத்துவிட்டாளாம்.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ எண்டு அழுதவ. வருத்தக்காரியைக் கட்டித் தந்திட்டினம் எண்டு என்ர ஆக்கள் நினைப்பினமாம். நான் ஆருக்கும் சொல்லேல்ல. ஆனால் எனக்குப் பயம். எட்டாம் மாதத்தில இருந்தே பக்கத்து வீட்டு வள்ளத்தைச் சொல்லி வைச்சிருந்தனான். எண்ணெயும் சேர்த்து வைச்சிருந்தனான்."

"அப்ப வள்ளம்?"

"வள்ளம் துறையிலதான் நிண்டது. ஓட்டுறவரும் அதிலதான் இருந்தவர்."

நான் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தேன். "அப்ப ஏன் கொண்டுபோகேல்ல?"

அவர் ஒரு வெங்காயத்தை எடுத்து, காய்ந்த தோலை உரித்துக்கொண்டே, "விடும்," என்றார்.

"சொல்லுங்கோ, அத்தான். எனக்கு டொக்டரிட்டச் சொல்ல வேணும்."

"பிள்ளை பிறந்து கொஞ்ச நேரத்தில வாசலுக்கு வந்து, கொண்டுபோவமோ எண்டு கேட்டனான். நீர்தான் வெளியில வந்தனீர். ஒண்டும் இல்லையாம் அத்தான், எங்கட வீட்டுப் பொம்பிளையளுக்கு அப்பிடித்தானாம், கொஞ்சம் போய் நிண்டிடுமாம் எண்டனீர். அம்மா சொல்லி விட்டதுதான். பிறகும் ஒருக்கால் கேட்டனான். அப்பவும் நீர்தான் வந்தனீர், அதையேதான் சொன்னனீர். மூண்டாம் தரம் நான் கேக்கேல்ல. உள்ளுக்கு வந்திட்டன். வந்து பாக்க..." என்று நிறுத்திவிட்டார்.

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். வெந்நீர்ப் பானை நினைவிருக்கிறது. நனைந்த சீலைகளைச் சுருட்டிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனது நினைவிருக்கிறது. அவற்றின் பாரம்கூட நினைவிருக்கிறது. வாசல் மட்டும் இல்லாமல் போயிருந்தது. அவர் சொன்ன பிறகு வாசலும் வந்தது. கதவு நிலையைப் பிடித்தபடி நின்ற அவருடைய கையும், இந்த மனிதர் ஏன் இப்படித் தொல்லை தருகிறார் என்று எனக்குள் எழுந்த எரிச்சலும் வந்தன. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"செத்தவீட்டில ஏன் சொல்லேல்ல?"

"பெத்த மனுசி. ஆரிலயாவது பழியைப் போட்டால்தான் அவவுக்கு ஆறும். என்னில போட்டா. நீர் சின்னப்பிள்ளை, உம்மில போய் அதைச் சொல்லச் சொல்லுறீரோ?"

அவர் குரலில் கோபம் இல்லை. முப்பது வருடத்தில் அது தேய்ந்து போயிருக்க வேண்டும். நான் வந்த வேலை முடியவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. கைப்பையில் இருந்து கிளினிக் துண்டை எடுத்து, "எவ்வளவு நேரம் போனது?" என்று கேட்டேன். கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் என்றார். துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன். பல்லுப் பிடுங்கியது, மூன்று நாள், பிள்ளைப்பேறு, இரண்டு மணித்தியாலம். நாலு வரியில் அக்கா முடிந்துவிட்டாள்.

டொக்டரிடம் நான் அந்த நாலு வரியையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்றாலும், வாசலில் நின்று வள்ளம் வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவ முதல் பகுதியை மட்டும் எழுதினா. பிறகு, "உங்கட இரத்தத்தையும் பாக்க வேணும், அம்மா," என்றா. பார்த்தார்கள். எனக்கும் அதே குறைவு, மகளைவிட மோசமாக. என் உடம்பில் இருக்க வேண்டிய இரத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்ததாம். இதோடு எப்படிக் கடை நடத்தினீர்கள் என்று கேட்டா. சோம்பலை அடக்கித்தான் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

மகளின் இரத்தம் தேற ஐந்து மாதம் சென்றது. புதிய திகதி வந்தது. சத்திரசிகிச்சைக்கு முன்னமே இரத்தம் உறைய மருந்தை நரம்பில் ஏற்றினார்கள், பொருந்துகிற இரத்தத்தை எடுத்து வைத்தார்கள். காலையில் உள்ளே கொண்டுபோனவளுக்காகப் பின்னேரம் வரை வாங்கில் இருந்தேன். கோயில் வாசலில் கடை வைத்திருக்கிறவள், எனக்கு அன்று ஒரு தேவாரமும் முழுதாக வரவில்லை. தாடை டொக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, "கசிவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு," என்று சொன்ன பிறகுதான் நான் முதுகைச் சுவரில் சாய்த்தேன்.

மறுநாள் மத்தியானம் மகளை வாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, தாடை இரண்டும் றப்பரால் பிணைக்கப்பட்டுக் கிடந்தன. கதைக்க ஏலாது. ஊசி போடாத சிறிஞ்சால் கடைவாய் ஓரமாக இளநீரை விட்டேன். கொஞ்சம் வழிந்தது, துடைத்துப் பார்த்தேன். வெறும் இளநீர்தான், சிவப்பு இல்லை. தாதி ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்திருந்தா. வலிக்கிறது என்றோ கண்ணாடி வேண்டும் என்றோ எழுதுவாள் என்று நினைத்தேன். 'பெரியப்பாவுக்குச் சொன்னீங்களோ?' என்று எழுதிக் காட்டினாள்.

சொல்லவில்லை. அத்தானின் போன் இலக்கம் என்னிடம் இருந்தது, சரவணையில் இருந்து வெளிக்கிடும்போது அவருடைய மனைவி தந்தது. வராந்தாவுக்குப் போய் அவருக்கு அழைப்பு எடுத்தேன். மன்னியுங்கோ என்ற சொல்லைப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பல தரம் எனக்குள் சொல்லிப் பழகியிருந்தேன்.

அவர் ஹலோ சொல்லவில்லை. தாடை எப்படி என்றும் கேட்கவில்லை.

"இரத்தம்?" என்றார்.

"நிண்டிட்டுது, அத்தான்."

மறுபக்கத்தில் அவர் அழுகிற சத்தம் கேட்டது, வயதான ஆம்பிளைகள் அழுகிற மாதிரி, மூச்சை இழுத்து இழுத்து. நான் பழகி வைத்திருந்த சொல் எனக்கு வரவில்லை. "நிண்டிட்டுது," என்று இன்னொரு தரம் சொன்னேன்.